ரத்து செய்யப்பட்ட கணக்கு: சோவியத் ஒன்றியம், 1937

1937 ஜனவரி 5-க்கும் 6-க்கும் இடைப்பட்ட நள்ளிரவு. அந்த ஒரு கணத்தில் சோவியத் ஒன்றியத்தின் எல்லைக்குள் உயிரோடு இருக்கும் ஒவ்வொருவரையும் எண்ணிவிட வேண்டும் என்பது திட்டம். அதற்கு முந்தைய நாட்களிலேயே லட்சக்கணக்கான பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் படிவங்களை நிரப்பி வைத்திருந்தார்கள். 6-ஆம் தேதி அதே வீடுகளுக்கு மறுபடியும் போய், இரவு அங்கே தங்காதவர்களின் பெயர்களை அடித்தார்கள்; புதிதாக வந்து தங்கியவர்களைச் சேர்த்தார்கள். ரயிலில் பயணம் செய்துகொண்டிருந்தவர்கள் ரயிலிலும் நிலையங்களிலும் எண்ணப்பட்டார்கள். மறுநாள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் கிறிஸ்துமஸ். தேதியைக் குறித்தவர்கள் அதைக் கருத்தில் கொண்டார்களோ இல்லையோ, கிராமத்து மக்கள் கொண்டார்கள்.

எட்டு மாதங்களுக்குப் பிறகு, செப்டம்பர் 25-ஆம் தேதி, சோவியத் அமைச்சரவையான மக்கள் ஆணையர்கள் குழு இந்தக் கணக்கெடுப்பைக் குறைபாடுள்ளது என்று அறிவித்து ரத்து செய்தது. புள்ளியியலின் அடிப்படை விதிகள் அப்பட்டமாக மீறப்பட்டன என்பது சொல்லப்பட்ட காரணம். கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஒலிம்பி க்விட்கின் அதற்கு மூன்று நாட்கள் கழித்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சோசலிசப் பொருளாதாரங்களின் அரசுப் புள்ளிவிவரங்களை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு நம்மிடையே பெரும்பாலும் இரண்டு விடைகள்தான் உலவுகின்றன. எல்லாமே பொய் என்பது ஒன்று. எல்லாமே எதிரிகளின் அவதூறு, கணக்குகள் சரியானவை என்பது மற்றொன்று. மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்களின் வழவழப்பான தாளில் உற்பத்தி மடங்குகளைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தச் சண்டை நன்றாகத் தெரியும். 1937-இன் கணக்கெடுப்பை அருகில் சென்று பார்த்தால் இரண்டு விடைகளுமே பொருந்தவில்லை. அரசு தானே நடத்தி, தானே ரத்து செய்து, நடத்தியவர்களைக் கொன்ற அந்தக் கணக்குதான் அந்தக் காலத்தின் சோவியத் மக்கள்தொகைக் கணக்குகளில் மிகவும் நம்பத்தகுந்தது என்று இன்றைய மக்கள்தொகையியலாளர்கள் கருதுகிறார்கள். இது எப்படி நேர்ந்தது என்பதைப் புரிந்துகொண்டால், மற்ற எண்களை எப்படிப் படிப்பது என்பதற்கும் ஒரு வழி கிடைக்கிறது.

எண்ணுவதற்கு முன்பே சொல்லப்பட்ட எண்

இதற்கு முந்தைய கணக்கெடுப்பு 1926 டிசம்பர் 17-இல் நடந்தது. 14.7 கோடி மக்கள். உள்நாட்டுப் போரும் 1921-22 பஞ்சமும் முடிந்து நாடு மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிறப்பு விகிதம் மிக உயர்வாக இருந்தது. பிறகு வந்தவை கட்டாயக் கூட்டுப்பண்ணையாக்கம், வசதியான விவசாயிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் நாடுகடத்தல் (நாட்டுக்குள்ளேயே தொலைதூரப் பகுதிகளுக்கு), 1932-33-இன் பெரும் பஞ்சம். உக்ரைன், கசகஸ்தான், வடக்குக் காகசஸ், வோல்கா பகுதி ஆகியவை கடுமையாக அடிவாங்கின. பஞ்சம் என்ற சொல்லே செய்தித்தாளில் வரவில்லை. வெளிநாட்டு உதவி கேட்கப்படவில்லை. தானிய ஏற்றுமதி தொடர்ந்தது.

1934 ஜனவரியில் 17-ஆவது கட்சி மாநாட்டில் ஸ்டாலின் ஓர் எண்ணைச் சொன்னார்: 1933 முடிவில் நாட்டின் மக்கள்தொகை 16.8 கோடி. பஞ்சம் உச்சத்தில் இருந்த ஆண்டின் முடிவைப் பற்றிய எண் இது. புள்ளியியல் நிர்வாகத்தில் பணியாற்றிய மிகைல் குர்மன் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பின்படி, இந்த எண் அவர்கள் நிர்வாகத்திலிருந்து போனதே இல்லை. அப்போதைய தலைவர் ஒசின்ஸ்கி இது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, எந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது தனக்கே தெரியும் என்று ஸ்டாலின் பதில் சொன்னாராம்.

1935 டிசம்பரில் அறுவடை இயந்திர ஓட்டுநர்களின் கூட்டம் ஒன்றில் ஸ்டாலின் மேலும் ஒரு படி போனார். ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் கூடுகிறார்கள், அதாவது ஒவ்வோர் ஆண்டும் ஒரு முழு ஃபின்லாந்து நமக்குச் சேர்கிறது என்றார். கைதட்டலுக்காகச் சொல்லப்பட்ட ஒப்பீடுதான். ஆனால் மேடையில் சொல்லப்பட்டதும் அது எண்ணாக நின்றுவிட்டது. 16.8 கோடியோடு மூன்று ஃபின்லாந்துகளைக் கூட்டினால் 1936 முடிவில் 17.7 கோடி வரவேண்டும். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் எதிர்பார்த்தது சுமார் 18 கோடி. கணக்கெடுப்புக்கு ஒரு விடைத்தாள் முன்கூட்டியே அச்சாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

கணக்கெடுப்பு திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1930-களின் தொடக்கத்திலேயே நடந்திருக்க வேண்டியது, 1937 வரை இழுத்தது.

"புள்ளியியல்" என்ற சொல் போன இடம்

எண்ணியவர்கள் யார்? 1930-இல் மத்தியப் புள்ளியியல் நிர்வாகம் தன் தன்னாட்சியை இழந்து கோஸ்பிளான் என்ற திட்ட ஆணையத்துக்குள் சேர்க்கப்பட்டது. 1931 இறுதியில் அதற்குப் புதுப் பெயர்: தேசியப் பொருளாதாரக் கணக்குப் பதிவு மைய நிர்வாகம். புள்ளியியல் என்ற சொல்லைக் கைவிட்டதற்கு ஒரு கோட்பாட்டுக் காரணமும் சொன்னார்கள். புள்ளியியல் தற்செயல்களை ஆராயும் கலை. சந்தை என்ற குழப்பம் நிலவும் முதலாளித்துவ நாட்டுக்கு அது தேவை. எல்லாம் திட்டப்படி நடக்கும் நாட்டில் தற்செயல் ஏது? வேண்டியது திட்டம் நிறைவேறியதா என்ற பதிவேடு மட்டுமே.

இந்த மாற்றத்தை வெறும் பெயர் விவகாரம் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இலக்கை நிர்ணயிப்பவரும் அது நிறைவேறியதா என்று அளப்பவரும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துபவரே வினாத்தாள் தயாரித்து, அவரே விடைத்தாளையும் திருத்தி, தேர்ச்சி விகிதத்தை வைத்துத் தன் பதவி உயர்வையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

ஆனால் அந்தக் கூரையின் கீழே பழைய பள்ளியைச் சேர்ந்த மனிதர்கள் இன்னும் இருந்தார்கள். க்விட்கின் அவர்களில் ஒருவர். பாரிஸின் சார்போனில் கணிதம் படித்தவர். 1926 கணக்கெடுப்பின் முக்கியப் பொறுப்பாளர்களில் ஒருவராக இருந்தவர். 1937-இல் அவர் அறுபதைக் கடந்துவிட்டார். நிர்வாகத்தின் தலைவர் இவான் கிராவல், ஒசின்ஸ்கிக்குப் பிறகு 1935-இல் வந்தவர். குர்மன் பிறப்பு இறப்புக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டவர்.

படிவம் ஸ்டாலினின் மேசைக்குப் போய்த் திரும்பியபோது சுருங்கியிருந்தது. பதினான்கு கேள்விகள் மிஞ்சின. ஒருவர் எங்கிருந்து எங்கே பெயர்ந்தார் என்பதை வெளிப்படுத்தக்கூடிய கேள்விகள் போய்விட்டன. லட்சக்கணக்கானோர் நாடுகடத்தப்பட்ட நாட்டில் அந்தக் கேள்விகள் எத்தனை சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். நிபுணர்கள் கேட்காத ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்தது: நீங்கள் கடவுள் நம்பிக்கை உள்ளவரா? ஆம் என்றால், எந்த மதம்? இருபதாண்டு ஆட்சி மதத்தை ஒழித்துவிட்டது என்று காட்டுவதுதான் நோக்கமாக இருந்திருக்க வேண்டும்.

எண்ணும் முறையும் மாறியது. பல நாட்கள் நிதானமாக எண்ணும் வழக்கத்தை விட்டு ஒரே நாள் கணக்கெடுப்பு. நிரந்தரமாக வசிப்பவர் யார் என்ற விசாரணை இல்லை. அந்த இரவு எங்கே இருந்தீர்களோ அங்கே எண்ணப்படுவீர்கள். இதில் ஒருவர் விடுபடும் ஆபத்து உண்டு. ஒருவரே இரண்டு இடங்களில் எண்ணப்படும் ஆபத்து மிகக் குறைவு. ராணுவத்தினரை ராணுவமும், சிறைக்கைதிகள், முகாம்வாசிகள், காவலர்கள் ஆகியோரை உள்துறை ஆணையமான என்கேவிடியும் தனியாக எண்ணித் தந்தன.

16.2 கோடி

மார்ச் மாதத்தில் கிராவல் முதல் முடிவுகளை ஸ்டாலினுக்கும் அரசின் தலைவர் மொலோட்டவுக்கும் அனுப்பினார். ராணுவம், முகாம்கள் எல்லாம் சேர்த்து மொத்தம் 16,20,03,225.

மேடையில் சொன்ன ஃபின்லாந்துக் கணக்கோடு ஒப்பிட்டால் ஒன்றரைக் கோடி குறைவு. அதைக்கூட விட்டுவிடலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இருப்பதாகச் சொல்லப்பட்ட 16.8 கோடியையும்விட அறுபது லட்சம் குறைவு. எந்த நாடும் மூன்றாண்டு அமைதிக் காலத்தில் அறுபது லட்சம் பேரைச் சத்தமில்லாமல் இழப்பதில்லை. ஒன்று 1934-இல் சொன்னது பொய், அல்லது 1937-இல் எண்ணியது பிழை.

உள்ளே போனால் எண்கள் இன்னும் கனத்தன. உக்ரைனில் 1926-இல் 2.89 கோடி மக்கள். பத்தாண்டு கழித்து வளர்ந்திருக்க வேண்டிய நாட்டில் 2.84 கோடி. ஒன்றியம் முழுவதும் தங்களை உக்ரைனியர் என்று சொன்னவர்கள் 3.12 கோடியிலிருந்து 2.64 கோடியாகக் குறைந்திருந்தார்கள். இந்தச் சரிவு முழுவதையும் மரணம் என்று எழுதிவிடக் கூடாது. வடக்குக் காகசஸின் குபான் போன்ற பகுதிகளில் முன்பு உக்ரைனியர் என்று எழுதப்பட்ட பலர் இம்முறை ரஷ்யர் என்று பதிவானார்கள். ஆனால் கசகர்களின் எண்ணிக்கையில் அப்படிப்பட்ட சமாதானத்துக்கு அதிக இடமில்லை. 39.7 லட்சம் பேர் இருந்தார்கள், 28.6 லட்சம் பேர் மிஞ்சியிருந்தார்கள். மந்தைகள் பறிக்கப்பட்டுப் பட்டினியில் மடிந்தவர்களும், சீனாவுக்கும் பிற அண்டைப் பகுதிகளுக்கும் தப்பி ஓடியவர்களும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள்.

மதக் கேள்வி வேறுவிதமாகத் திரும்பியது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட 9.84 கோடிப் பேரில் 5.53 கோடிப் பேர் தங்களை நம்பிக்கையாளர்கள் என்று எழுதச் சொன்னார்கள். நம்பிக்கையில்லை என்றவர்கள் 4.22 கோடி. தேவாலயங்கள் இடிக்கப்பட்டு, பாதிரியார்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டில், வாசலில் நிற்கும் அரசு ஊழியரின் முகத்தைப் பார்த்து, பெயர் எழுதப்படும் படிவத்தில் இதைச் சொன்னார்கள். ஆம் என்றால் தண்டனை வரும் என்ற வதந்திகள் ஊரெல்லாம் உலவின. அப்படியும் சொன்னார்கள். இந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மக்கள் மீது பெரும் மரியாதை எழுகிறது. கணக்கெடுப்பின் தரத்துக்கும் இது சாட்சி: பயமுள்ள இடத்திலும் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறார்கள். எழுத்தறிவிலும் அப்படித்தான். எழுத்தறிவின்மை ஒழிந்துவிட்டது என்று பெருமை பேசிய நாட்டில் ஒன்பது வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் நான்கில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை.

மார்ச் நடுவில் குர்மன் தன் தலைவருக்கு ஒரு குறிப்பு எழுதினார். பிறப்பு இறப்புப் பதிவேடுகளின்படி இருக்க வேண்டிய மக்கள்தொகைக்கும் எண்ணிய மக்கள்தொகைக்கும் உள்ள இடைவெளியைப் பகுதி பகுதியாக விளக்கும் குறிப்பு. ஒரு பகுதி எல்லை கடந்து போனவர்கள். ஒரு பகுதி இரு கணக்கெடுப்புகளின் பிழை. மிச்சமிருந்த பெரும் பகுதி, பதிவேட்டுக்கே வராமல் போன மரணங்கள். பஞ்சத்தின் உச்சத்தில் பல கிராமங்களில் இறப்பைப் பதிவு செய்யவே ஆளில்லை. பதிவு செய்ய வேண்டிய எழுத்தரும் இறந்திருந்தார் அல்லது ஓடிப்போயிருந்தார். முகாம் மரணங்கள் பொதுப் பதிவேட்டுக்கு முறையாக வருவதும் இல்லை. ஒரு புள்ளியியலாளர் தன் தொழிலுக்கு உண்மையாகச் செய்யக்கூடிய வேலை இது. இரண்டு எண்கள் முரண்பட்டால் எது ஏன் தவறு என்று தேடுவது. அவர் தேடியது சரியான இடத்தில்.

மார்ச் முடிவதற்குள் க்விட்கினும் குர்மனும் கைது செய்யப்பட்டார்கள். மே முடிவில் கிராவல். மூவரில் குர்மன் மட்டுமே, முகாமும் நாடுகடத்தலுமாக நீண்ட ஆண்டுகள் கழித்து, உயிரோடு திரும்பினார். கிராவலும் அதே ஆண்டில் சுடப்பட்டார். உக்ரைனின் கணக்கு நிர்வாகத் தலைவர் அசாத்கினுக்கும் அதே முடிவு. மாகாணங்களிலும் களையெடுப்பு நடந்தது. மக்களின் எதிரிகள் வேண்டுமென்றே ஆட்களை விட்டுவிட்டு எண்ணினார்கள் என்பது குற்றச்சாட்டு.

உண்மையில் எத்தனை பேர் விடுபட்டார்கள்? பின்னாளில் ஆவணங்களைச் சோதித்த ஆந்திரேயெவ், தார்ஸ்கி, கார்கோவா ஆகிய மக்கள்தொகையியலாளர்களின் மதிப்பீட்டில் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஒரே நாளில், பனிக்காலத்தில், உலக நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் நடந்த எண்ணிக்கைக்கு அது வியக்கத்தக்க துல்லியம்.

ஏன் இந்த எண் மட்டும் உண்மையாக வந்தது?

அதே நாட்டின் வேறோர் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தானிய விளைச்சல். 1933-இலிருந்து விளைச்சலை அளக்கும் முறை மாற்றப்பட்டது. களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்த தானியத்தை நிறுப்பதை விட்டுவிட்டு, வயலில் நிற்கும் பயிரைப் பார்த்து மதிப்பிட்டார்கள். அறுவடையில் சிந்துவது, மழையில் அழுகுவது, வண்டியில் போகும்போது கொட்டுவது, எலி தின்பது எல்லாம் விளைச்சலாகவே கணக்கில் நின்றன. உயிரியல் விளைச்சல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1937-இன் அறுவடை 12 கோடி டன் என்று அறிவிக்கப்பட்டது. பின்னாளில் திருத்தப்பட்ட கணக்கில் அது 10 கோடி டன்னைத் தொடவில்லை. 1952-இல் 19-ஆவது கட்சி மாநாட்டில் கட்சித் தலைவர்களில் ஒருவரான மாலென்கோவ் 800 கோடி பூட், அதாவது சுமார் 13 கோடி டன், விளைந்ததாகச் சொல்லித் தானியப் பிரச்சினை நிரந்தரமாகத் தீர்ந்தது என்று அறிவித்தார். களஞ்சியத்துக்கு வந்தது 9.2 கோடி டன்.

இங்கே யாரும் எண்ணை இரவோடு இரவாகத் திருத்தி எழுதவில்லை. "விளைச்சல்" என்ற சொல்லின் பொருளை மாற்றினார்கள், அவ்வளவுதான். இதன் விளைவு தாளில் நிற்கவில்லை. வயல் வேலைக்கு இயந்திரங்களைத் தந்த அரசு டிராக்டர் நிலையங்களுக்குக் கூட்டுப்பண்ணைகள் கொடுக்க வேண்டிய தானியக் கூலி இந்த வயல் மதிப்பீட்டை வைத்தே கணக்கிடப்பட்டது. களத்துக்கே வந்து சேராத நெல்லுக்கு நம்மூரில் யாராவது வாரம் கேட்டால் எப்படி இருக்கும்? அந்த விவசாயியிடம் அதைத்தான் கேட்டார்கள்.

தொழிற்சாலையில் வேறொரு வழி. மேலாளரின் போனஸ் இலக்கைத் தொட்டால் வரும், தொடாவிட்டால் வராது. ஆகவே முடியாத வேலையை முடிந்ததாக எழுதுவதும், அடுத்த மாத உற்பத்தியை இந்த மாதத்தில் சேர்ப்பதும் பரவின. ரஷ்ய மொழியில் இதற்கு "பிரிப்பிஸ்கி" என்று ஒரு சொல்லே உண்டு; கூட்டி எழுதுவது என்று பொருள். பரப்பளவை வைத்து இலக்கு கொடுத்தால் துணி மெலிந்தது; எடையை வைத்துக் கொடுத்தால் இயந்திரம் தேவையில்லாமல் கனத்தது. புதுப் பொருளென்று பெயர் மாற்றி விலையை உயர்த்தினால், அந்த உயர்வு வளர்ச்சியாகக் கணக்கில் ஏறியது.

இப்போது ஜனவரி 6-ஆம் தேதி கதவைத் தட்டிய கணக்கெடுப்பாளரை நினைத்துப் பாருங்கள். அவர் ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் 240 பேர் இருந்தாலும் 210 பேர் இருந்தாலும் அவருக்குப் போனஸும் இல்லை, தண்டனையும் இல்லை. அவர் மேற்பார்வையாளருக்கும் இல்லை. எந்த எண் வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த எண்ணால் எடைபோடப்படுகிறவர்கள் அடுக்கின் உச்சியில் மட்டும்தான் இருந்தார்கள். அதனால் உண்மை கீழிருந்து வழுக்காமல் மேலே ஏறி வந்தது. உச்சியை அடைந்தபோது அங்கே அடைக்கப்பட்டது.

இதுவே இந்த நிகழ்வில் எனக்கு முதன்மையாகப் படுவது. ஓர் எண் நம்பத்தகுந்ததா என்பதை நாட்டின் பெயரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. எண்ணுகிற கையும் அந்த எண்ணால் அடிவாங்குகிற முதுகும் ஒரே ஆளுடையவையா என்று பார்க்க வேண்டும். கூட்டுப்பண்ணையிலும் தொழிற்சாலையிலும் அவை ஒரே ஆளுடையவை. 1937 கணக்கெடுப்பில் வேறு வேறு ஆட்களுடையவை.

1939: பயம் கீழே இறங்கியது

புதிய கணக்கெடுப்பு 1939 ஜனவரி 17-இல் நடந்தது. இம்முறை நிலைமை தலைகீழ். முந்தைய கணக்கெடுப்பாளர்களுக்கு என்ன நடந்தது என்பது ஒவ்வொரு மாகாண அதிகாரிக்கும் தெரியும். குறைவான எண் என்றால் நாசவேலை. நாசவேலை என்றால் துப்பாக்கி. விடுபட்டவர்களைத் தேடிச் சேர்க்கும் பணி தீவிரமாக நடந்தது. இரட்டை எண்ணிக்கையைத் தேடி நீக்கும் ஆர்வம் யாருக்கு இருந்திருக்கும்? முகாம்வாசிகளின் படிவங்கள் அவர்கள் இருந்த இடங்களின் கணக்கில் சேர்க்கப்படாமல் நாட்டின் மற்றப் பகுதிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. ஆளில்லாத தொலைவடக்கில் திடீரென்று ஆண்கள் மட்டுமே குவிந்திருப்பதை அட்டவணை காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? மதக் கேள்வி படிவத்திலிருந்தே காணாமல் போனது.

அந்த மார்ச்சில் 18-ஆவது மாநாட்டில் ஸ்டாலின் 17 கோடி என்றார். வெளியிடப்பட்ட முடிவு 17.06 கோடி. பின்னாளைய மதிப்பீடுகள் 16.85 கோடி முதல் 16.9 கோடி வரை நிற்கின்றன. வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம். பார்க்கச் சிறிதாகத் தோன்றும். ஆனால் ஒன்றியத்தின் ஒரு சிறிய குடியரசின் மொத்த மக்கள்தொகை அளவுக்கு இல்லாத மனிதர்கள் அதில் இருக்கிறார்கள். பஞ்சத்தின் தடயத்தை மங்கச் செய்ய அது உதவியது.

1926, 1939 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டு உலகம் கணக்குப் போட்டது. மேற்கில் இதன் மீது நீண்ட விவாதம் நடந்தது. சோவியத் அரசு ஒரு பொய்க் கணக்கை வெளியே காட்டி, உண்மைக் கணக்கை உள்ளே வைத்து நாட்டை நடத்துகிறதா? அப்படி இரண்டு பேரேடுகள் இல்லை, இருந்தால் திட்டமிடவே முடியாது என்று ஆபிரகாம் பெர்க்சன் போன்ற பொருளாதார அறிஞர்கள் வாதிட்டார்கள். இன்னொரு பொருளாதார அறிஞர் அலெக் நோவ் ஒரு படி மேலே போய், பொய் ஆண்டுதோறும் ஒரே அளவில் இருந்தால் வளர்ச்சி விகிதம் கெடாது என்றார். சம அளவு ஏமாற்றின் விதி என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஆவணக்காப்பகம் திறந்த பிறகு பார்த்தால், பெர்க்சன் பெரும்பாலும் சரி. முழுக்கப் புனையப்பட்ட எண்களைவிட மறைக்கப்பட்ட எண்கள்தான் அதிகம். நோவின் விதிதான் 1937-39-இல் உடைகிறது: ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏமாற்றின் அளவே மாறிவிட்டது.

மறைப்பது எப்போது நடக்கிறது என்பதே ஒரு தகவல். 1939-க்குப் பிறகு அடுத்த கணக்கெடுப்பு 1959-இல்தான். போரில் இறந்தோர் எழுபது லட்சம் என்று 1946-இல் ஸ்டாலின் சொன்னார். 1961-இல் குருஷ்சேவ் இரண்டு கோடி என்றார். 1990-இல் 2.66 கோடி என்ற எண் வந்தது. நடுவில் கணக்கெடுப்பு நடந்திருந்தால் முதல் எண் ஓராண்டுகூட நின்றிருக்காது. பிறகு 1970-களில் குழந்தை இறப்பு விகிதம் ஏறத் தொடங்கியது. 1974-க்குப் பிறகு அந்த வரி அரசின் புள்ளிவிவர ஆண்டு மலர்களிலிருந்து நீங்கியது. 1981 முதல் சில ஆண்டுகள் தானிய விளைச்சல் அச்சாகவில்லை. அச்சாகாத வரிகளைப் படித்தே வெளியிலிருந்த ஆய்வாளர்கள் நோயைக் கண்டுபிடித்தார்கள். உள்ளேயிருந்து செல்யூனின், கானின் ஆகிய இருவர் 1987-இல் தேசிய வருமானத்தை மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். 1928 முதல் 1985 வரை ஏறத்தாழ 90 மடங்கு வளர்ந்ததாக அரசு சொன்னது. அவர்கள் கணக்கில் ஆறு, ஏழு மடங்கு. அதுவும் சிறிய வளர்ச்சி இல்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். உண்மையான சாதனையைக்கூட நம்ப முடியாதபடி செய்துவிட்டது அந்தப் பெருக்கல்.

காப்பகத்தில் கிடந்த அட்டவணைகள்

1937-இன் சுருக்க அட்டவணைகள் அழிக்கப்படவில்லை. மாஸ்கோவின் பொருளாதார ஆவணக்காப்பகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்தன. 1980-களின் இறுதியில் ஆய்வாளர்களின் கைக்கு வந்தன. 1990-களின் தொடக்கத்தில் முக்கிய முடிவுகள் அச்சேறின. 1933 என்ற ஆண்டைக் கணக்கில் மீட்டெடுக்க அப்போதுதான் முடிந்தது. ஆந்திரேயெவும் உடன் பணியாற்றியவர்களும் ஒவ்வோர் ஆண்டாகப் பின்னோக்கிக் கட்டியபோது, அந்த ஒரே ஆண்டில் ஒன்றியத்தில் இறந்தவர்கள் சுமார் 1 கோடியே 14 லட்சம் என்று வந்தது. பிறந்தவர்களைக் கழித்த பிறகும் மக்கள்தொகை 59 லட்சம் குறைந்திருந்தது. 16.8 கோடி என்று மேடையில் சொல்லப்பட்டது அந்த ஆண்டின் முடிவைப் பற்றித்தான்.

இந்தக் கணக்கைப் போட வருகிற யாரும் இரண்டு தூண்களுக்கு நடுவில்தான் கயிறு கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு முனையில் 1926 டிசம்பர், மறு முனையில் 1937 ஜனவரி. இரண்டு கணக்கெடுப்புகளிலும் பொறுப்பில் இருந்தவர் க்விட்கின்.